மணப்பாட்டில் ஓலை முடைந்த விடுமுறை

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

தூத்துக்குடியில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பி சாயங்காலம் மணப்பாடு வந்துவிட்டேன். தாத்தா கட்டிய வீடு. வாசலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடுதான் இருக்கிறது, அதனால் எத்தனை தடவை வந்து திறந்து போட்டாலும் உப்புக் காற்று இரும்பில் தன் வேலையைக் காட்டிவிடும். தாழ்ப்பாளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டேன். பாய், தலையணை எல்லாவற்றையும் நாளைக்கு வெயிலில் போட வேண்டும். குடிதண்ணீர் கேன் சொல்லியாகிவிட்டது.

கல்லூரித் தோழிகள் வியாழக்கிழமை காலையில் வருகிறார்கள். முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் பேச்சு. 11ஆம் தேதி பங்குனி உத்திரம், அன்றைக்குத் திருச்செந்தூரில் ரயிலை விட்டு இறங்கினால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள், சாஸ்தா கோயிலுக்குப் போகிற வேன்களும் சேர்ந்து ரோடே நகராது. மகாவீர் ஜெயந்தி லீவும் இருக்கிறதே என்று ஒருநாள் முன்னாடியே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்.

வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பனையோலைப் பெட்டியாவது முடைந்துவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் ஊர்க்கதை, குடும்பக் கதை, பட்ட கஷ்டம் எல்லாம் பேசியது ஓலையும் கையுமாக உட்கார்ந்துதான்.

ஏப்ரல் 9, புதன்

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் சொல்லித்தரப் போகிறாள். ஓலையும் அவளிடமே வாங்கினேன். எல்லாம் குருத்தோலை, அதாவது விரியாத இளம் ஓலை. அதை வெட்டி, வெயிலிலும் பனியிலும் போட்டுக் காயவைத்தால் வெளிறி, மோர் நிறத்துக்கு வந்துவிடும். முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் சரி, வளைத்து முடைய அது ஒத்துவராது. பனையேறும் அண்ணாச்சி ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் கைவைக்க மாட்டார். குருத்தை அளவில்லாமல் வெட்டினால் மரம் நலிந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சாயம் காய்ச்சினோம். கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடியைக் கரைத்து, ஓலையைச் சுருட்டிப் போட்டுக் கம்பால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு கொஞ்சம், பச்சை கொஞ்சம். பாதி ஓலையைச் சாயம் போடாமல் அப்படியே வைத்திருக்கிறேன், எனக்குப் பிடித்தது அந்த நிறம்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டார்கள்! சென்னையிலிருந்து இரண்டு பேர், ஒருத்தியோடு ஏழு வயது மகளும். கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி. மதுரைக்காரி தனியாகக் காரில் வந்தாள்.

திருச்செந்தூரிலிருந்து இங்கே சுமார் 18 கிலோமீட்டர், குலசேகரன்பட்டினம் தாண்டி வரவேண்டும். வழியெல்லாம் தேரி என்கிற செம்மணலும் பனையும்தான். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே எல்லாருக்கும் பதநீர் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி விடியற்காலையில் இறக்கியது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுவார்கள், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தம்ளரே எடுக்கவில்லை. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றி, நுங்கை வழித்துப் போட்டுக் கொடுத்தார். பட்டையின் வாயில் உதட்டை வைக்கும்போது பச்சை ஓலை வாசம் பதநீரோடு சேர்ந்து வரும். அந்த ருசி எந்தப் பாத்திரத்தில் குடித்தாலும் வராது.

நல்ல வெயில் நேரத்தில் ஓலையைத் தொடக்கூடாது என்றாள் பெரியம்மா. ஈரப்பதம் போய்விட்டால் மடிக்கிற இடத்தில் பட்டென்று ஒடியும். அதனால் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் வேலை, மற்ற நேரத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். நாலரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஈர்க்கை நீக்கி, இரண்டு பிளேடு பதித்த சின்னக் கட்டையில் ஓலையை இழுத்தால் ஒரே அகலத்தில் நாடா நாடாக வருகிறது. கோயம்புத்தூர்க்காரி அதிலேயே ஒரு மணி நேரம் இருந்தாள், வேறு எதற்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

தவக்கால வெள்ளி, வீட்டில் கறி கிடையாது. சாளை மீன் குழம்பு வைத்தேன். மீன் சாப்பிடாதவளுக்குத் திருநெல்வேலிச் சொதியும் இஞ்சிப் பச்சடியும், கடைசியில் எல்லாரும் சொதியைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இன்றைக்கு முழுக்க மூலைதான். பெட்டியின் அடி எளிது. நான்கு நாடாவைப் பரப்பி, குறுக்கே ஒன்று மேல் ஒன்று கீழ் என்று கோர்த்துக்கொண்டே போனால் சதுரம் வந்துவிடும். சதுரத்தைப் பெட்டியாக்குவதுதான் கஷ்டம். ஒவ்வொரு பக்கத்து நடுவிலும் இரண்டு நாடாவைப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே அடுத்ததைக் கோர்க்க வேண்டும். அந்த நேரம் பெருவிரலை எடுத்தால் எல்லாம் விரிந்து பழையபடி தரையில் கிடக்கும். பெரியம்மா பார்க்காமலேயே செய்கிறாள், பேச்சு நிற்பதில்லை, கை மட்டும் ஓடுகிறது. "இழுத்துப் பிடி ஏட்டி, ஆனா இறுக்காத. மேல வர வர ஓலை தானா இறுகிக்கிடும்." மதுரைக்காரிக்கு அந்த ஒரு வார்த்தையில் பிடிபட்டுவிட்டது. அப்புறம் அவள் மற்றவர்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தாள்.

குட்டிப்பெண்ணுக்குச் சிப்பி பொறுக்க வேண்டும். கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்: உள்ளே உயிர் இருந்தால் எடுக்கக்கூடாது, பவளப்பாறைத் துண்டு என்றால் தொடவே கூடாது. பவளம் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணையில் இருக்கிறது, கரையில் செத்துக் கிடந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. சங்கு மாதிரி கிடப்பதைத் திருப்பிப் பார்த்தால் பாதியில் துறவி நண்டு குடியிருக்கும். கடைசியில் ஒரு கைப்பிடி உடைந்த சிப்பிச் சில்லுகள் கொண்டுவந்தோம். அவளுக்காக முடைந்த ஓலைக் கிலுகிலுப்பைக்கு உள்ளே சின்னக் கல் போடுவதற்குப் பதிலாகப் பெரியம்மா அந்தச் சில்லுகளைப் போட்டு மூடிவிட்டாள். நல்ல கணீரென்ற சத்தம். இரவு வரை வீடெல்லாம் அந்தச் சத்தம்தான்.

சாயங்காலம் சிலுவைப் பாதைக்குப் போய்வந்தேன். தோழிகளும் கூட வந்தார்கள்.

ஏப்ரல் 12, சனி

காலையில் குன்றுக் கோயில். மணல் குன்றின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே கடலைப் பார்த்த குகை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரைக்கு வந்தபோது இந்தக் குகையில் தங்கி ஜெபித்தார் என்பது ஊர் நம்பிக்கை. உடைந்த கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவைதான் இங்கே முதலில் நாட்டப்பட்டது என்ற கதையையும் பாட்டி சொன்னபடியே சொன்னேன். குகைக்குள் கிணற்றுத் தண்ணீரை எல்லாரும் குடித்துப் பார்த்தார்கள், கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்பே இல்லையே என்று ஒரே ஆச்சரியம்.

மத்தியானம் பேச்சு விலைக்குத் திரும்பியது. சென்னைத் தோழி கண்காட்சிகளில் ஓலைப்பெட்டி வாங்கும்போது பேரம் பேசுவாளாம். உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றுக்கு மூடியில்லாமலேயே இரண்டு நாள் காலையும் மாலையும் ஆகியிருக்கிறது, அவள் பெருவிரல் நுனி சிவந்துபோயிருக்கிறது, இனிமேல் கேட்ட காசைக் கொடுத்துவிடுவேன் என்றாள். எனக்கு இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து செய்த பனையோலைப் பொருள்கள் வெளிநாடு வரை போயிருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு ஓலைப் பொருளைத் தேடி வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். ஆனாலும் விலை கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். மரம் ஏறுகிறவர் உயிரைப் பணயம் வைத்து இறக்கிய குருத்து, காயவைத்து, வார்ந்து, சாயம் காய்ச்சி, ஒருத்தி குனிந்து உட்கார்ந்து முடைந்தது. கையால் செய்கிறவளிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. செங்கல் சூளைக்கு எத்தனை பனை போயிருக்கிறது இந்தப் பக்கத்தில்! 2021இல்தான் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஓலைக்கு விலை கிடைத்தால் மரத்தை வெட்ட யாருக்கும் மனசு வராது.

இரவு முழு நிலா. மொட்டை மாடியில் பாய் போட்டோம். ஓலையைக் கொண்டுவந்தால் வெளிச்சம் போதும் என்றாள் மதுரைக்காரி, போதவும் செய்தது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

விடியற்காலையிலேயே தெருவெல்லாம் ஓலைதான். மந்திரித்த குருத்தைக் கையில் பிடித்து, ஓசான்னா பாடிக்கொண்டே பவனி. பூசை நடக்கும்போதே சிறுவர்கள் சிலுவை, கிளி, வெட்டுக்கிளி என்று மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பெரியவர்கள் முறைத்தும் பயனில்லை. என் தோழிகளுக்கு இதுவரை கைப்பழக்கமாக இருந்த ஓலை இன்றைக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரி தன் குருத்தை மடிக்காமல் முழுதாக வைத்திருந்தாள். அதை என்ன செய்வது என்று கேட்டாள். வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகிவைப்போம், அடுத்த வருடம் சாம்பல் புதனுக்கு முன்னால் கோயிலில் வாங்கிக்கொள்வார்கள், அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள் என்றேன். எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டாள், பாட்டி படத்துக்குப் பின்னால்.

மத்தியானம் ஓலைக் கொழுக்கட்டை. உடன்குடிக் கருப்பட்டி, தேங்காய்த் துருவல், அரிசி மாவு, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. பச்சை ஓலைக்குள் பிடித்து வைத்துக் கட்டி ஆவியில் வேகவைத்தோம். குழந்தை ஓலையையே சப்பிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். ரயிலுக்குப் போகிறவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். முடைந்த பெட்டிகளைச் சட்டையில் சுற்றிப் பையின் மேலே வைக்கச் சொன்னேன், அடியில் போனால் மூலை நசுங்கிவிடும். பெரியம்மாவுக்குச் சொல்லித்தந்த கூலியை எல்லாரும் சேர்ந்து கொடுத்தார்கள். அவள் முதலில் வேண்டாம் என்றாள். நான் கையில் திணித்தேன்.

ஏப்ரல் 16, புதன்

நேற்றிலிருந்து விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை. நான் தூத்துக்குடி திரும்பியாகிவிட்டது.

சென்னையிலிருந்து போன். பெட்டியில் பூஞ்சை வருமா, எறும்பு வருமா என்று கேள்வி. ஈரத்துணியால் துடைக்காதே, மாதம் ஒருமுறை இளவெயிலில் வை, மழைக்காலத்தில் மூடிய அலமாரிக்குள் அடைக்காதே, அவ்வளவுதான் என்றேன். அப்புறம் இன்னொரு விஷயம் சொன்னாள். ஆவணியில் தங்கை மகள் கல்யாணமாம், தாம்பூலத்துக்குப் பைக்குப் பதிலாக ஓலைப்பெட்டியே கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம். பெரியம்மாவிடமும் அவளோடு முடைகிற மற்றப் பெண்களிடமும் கேட்டேன். இருநூறு பெட்டிக்கு இப்போதே சொல்லிவைத்தால்தான் குருத்து சேர்த்துக் காயவைக்க முடியும் என்கிறார்கள், பாதிப் பணம் முன்பணமாக வேண்டும். கேட்ட விலையை அப்படியே அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். சரி என்று பதில் வந்துவிட்டது.