வாய்க்காலில் படகு மேடேறும் விதம்

ஈரோட்டுக் காலிங்கராயன் வாய்க்கால் ஏன் பாம்பு மாதிரி வளைகிறது என்று தெரிந்தவருக்கு இங்கிலாந்துக் கால்வாய் பாதி புரிந்த மாதிரி. மட்டம் தவறாமல் மேட்டை ஒட்டியே வெட்டினால் வளையத்தான் செய்யும். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே கால்வாய் வெட்டிய பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி செய்ததும் அதுதான். நம்முடையது பாசனத்துக்கு, தண்ணீர் ஓடணும். அங்கே சரக்குப் படகுக்கு வெட்டியது, தண்ணீர் ஏறக்குறைய நின்றே இருக்கும். மட்டம் மாறும் இடத்தில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீரை விழவிடலாம். படகை விழவிட முடியாதே. அங்கேதான் லாக் வருகிறது. இங்கிலாந்தில் படகு ஓட்டப் போகிறவர் அதைக் கடக்கும் விதம் இதுதான்.

முன்னும் பின்னும் கதவு வைத்த கல் தொட்டி, அவ்வளவுதான். நேரோபோட் என்கிற ஒடுக்கமான கால்வாய்ப் படகுக்கான லாக் 7 அடி அகலம், நீளம் 70 அடிக்குச் சற்று மேல். படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் மிச்சம். மோட்டார், பம்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு லட்சம் லிட்டர், அதாவது எட்டு டேங்கர் லாரித் தண்ணீர், மேலிருந்து கீழே போகிறது. எதிரே வரும் படகுக்குத் தோதாகத் தொட்டி இருந்தால் அவரை முதலில் விடுங்கள். இது மரியாதை மட்டுமல்ல, தண்ணீர்ச் சிக்கனமும்கூட.

மேலே ஏற, காலித் தொட்டிக்குள் படகை விட்டுக் கீழ்க்கதவைச் சாத்துங்கள். விண்ட்லாஸ் என்கிற 'ட' வடிவச் சாவியை மேல்மடையின் சதுரத் தண்டில் மாட்டிப் பாதி மட்டும் திறவுங்கள். மளாரென்று திறந்தால் படகு முன்னும் பின்னும் அடிபடும். தரைக்கு அடியில் தண்ணீர் விடும் மடை முதலில், கதவிலுள்ள மடை பிறகு. மாற்றித் திறந்தால் தண்ணீர் முன்தளத்தில் கொட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பல்சக்கரத்தின் பல்லில், அது திரும்பச் சுழலாமல் தடுக்கும் நாக்கு விழுகிறதா பாருங்கள். நாக்கு விழாத நிலையில் கையை விட்டால் சாவி சுழன்று மணிக்கட்டை உடைக்கும்.

மட்டம் சரியாகும் வரை கதவு அசையாது. 8 அடி வித்தியாசத்தில் 7 அடி அகலக் கதவின் மேல் 6 டன் அழுத்தம் உட்கார்ந்திருக்கும். தள்ளித் தோளை வலிக்க வைத்துக்கொள்ள வேண்டாமுங்க.

இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்படி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பேர் சில். எதுவரை என்பதற்குக் கரையில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கணும். சுக்கான் படியில் மாட்டினால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் மேலேயே நிற்கும், மூக்கு கீழே போகும், சில நிமிடத்தில் படகு மூழ்கும். மாட்டியது தெரிந்ததும் கீழ்மடையை மூடிவிட்டு, மேல்மடையை மெதுவாகத் திறக்க வேண்டும். கயிறும் அப்படித்தான்: தூணில் ஒரு சுற்று, நுனி கையில். முடிச்சுப் போட்டால் படகு தொங்கும்.

பயணத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு சுலபம். மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம். 8 மைல், 10 லாக் என்றால் 6 மணி நேரம். வேக வரம்பே மணிக்கு 4 மைல். இங்கிலாந்தின் டார்டெபிக் என்ற ஊரில் வரிசையாக 30 லாக் இருக்கிறது. முதல் நாளே அங்கே போக வேண்டாம்.

படகு இழுக்காமல் எஞ்சின் திணறினால், படகைத் தள்ளும் விசிறியில் பாசியோ துணியோ சுற்றியிருக்கும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகே விசிறிக்கு மேலுள்ள பின்பக்க மூடியைத் திறந்து கையை விடுங்கள். மூடியைத் திரும்ப இறுக்க மறந்து ஓட்டினால், விசிறி தள்ளும் தண்ணீர் நேரே உள்ளே வரும்.

சாயங்காலம் கரையில் முளைக்குச்சி அடித்துக் கட்டியதும், விசிறித் தண்டின் கிரீஸ் கப்பைக் கை இறுகும் வரை திருகிவிடுங்கள். தண்டு வழியே உள்ளே சொட்டும் தண்ணீர் நின்றால் சரி.