செஞ்சி என்றாலே தேசிங்கு மட்டும்தானா?

செஞ்சிக் கோட்டை என்றதும் நம்மில் பலர் தேசிங்கு ராஜனோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714இல் களத்தில் விழுந்த அந்த இளைஞனின் வீரத்தை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் இந்தக் கோட்டையின் கதை அதைவிடப் பெரியது.

1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவருக்குப் பின் மகன் ராஜாராம் மராட்டியத் தலைநகரான ராய்கட்டிலிருந்து தப்பி வந்து தஞ்சம் புகுந்ததும் இங்கேதான். 1690இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானையே அத்தனை ஆண்டுகள் காக்க வைத்த மலை இது!

கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் கிடக்கிறது. அதன் மேல் ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே ஏற வழியே கிடையாது. கீழே கல்யாண மகால், அடுக்கடுக்காய் உயர்ந்து கூம்பு முடியுடன் நிற்கிறது. அதன் மேல்தளம் வரை சுடுமண் குழாய்களில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கொத்தர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாதே என்பதுதான் என் வருத்தம்.

தானியக் களஞ்சியச் சுவர்களில் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் போகிறவர்கள் அவசியம் இறங்கிப் பாருங்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.