சிப்பியில் தங்கும் நஞ்சு

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரமுள்ள நீரோடி, கொல்லங்கோடு பகுதிகளில் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த சிப்பியைத் தேங்காய் அரைத்துச் சமைக்காத வீடுகள் குறைவு. ஆகவே, 1997 செப்டம்பரில் எல்லைக்கு அப்பாலுள்ள விழிஞ்ஞத்தில் சிப்பி உண்ட ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவே கூடாது என்று கருதுகிறேன்.

சில நுண்பாசிகள் உண்டாக்கும் சாக்ஸிடாக்சின் என்னும் நஞ்சு, கடல்நீரை வடிகட்டி இரை தேடும் சிப்பியின் சதையில் சேர்ந்துவிடுகிறது. சிப்பி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உண்டவருக்கோ முதலில் உதடும் நாக்கும் மரத்து, பிறகு விரல்நுனிகள் கூசி, நஞ்சின் அளவு மிகுந்தால் மூச்சுக்கான தசைகளே செயலிழக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. நஞ்சு இருந்தால் பாசி பெருகிக் கடல் சிவந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

கடலுயிர்கள் படும் பாடு இதனினும் கொடியது. 1996இல் ஃபுளோரிடாவில், கரேனியா பிரெவிஸ் பாசியின் நஞ்சால், நம் ஆவுளியாவின் (கடற்பசுவின்) உறவினமான மானட்டீகள் 149 மடிந்தன. 2019இல் மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கிய நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் போன்றவை, நீரின் ஆக்சிஜனைக் குறைத்தே மீன்களைக் கொல்லக்கூடியவை.

பாசி கலைந்த பின்னும் சிப்பியிலிருந்து நஞ்சு நீங்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், கடல் தெளிந்த மறுநாளே பாறைக்குச் செல்லாமல், ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அம்முடிவை இரு மாநிலக் கரைகளிலும் உடனே அறிவிக்கவும் வேண்டும்.