வாரண்டி கார்டும் 15 வயது சிலிகானும்

பாஸ்போர்ட் ஃபைலில், கல்யாணப் பத்திரிகைக்கும் எப்போதோ வாங்கிய ஃப்ரிட்ஜின் பில்லுக்கும் நடுவில் அந்தக் கார்டு இருந்தது. ஏடிஎம் கார்டு அளவுதான். என் பெயர், ஆபரேஷன் தேதி, இடது பக்கம், இத்தனை சிசி, கீழே ஒரு ஸ்டிக்கரில் சீரியல் நம்பர். 2009-ல் நியூ ஜெர்சியில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் கையில் கொடுத்து பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மார்பகப் புற்றுநோய், ஒரு பக்கம் எடுத்தாயிற்று, அந்த இடத்தில் சிலிகான் ஜெல் நிரப்பிய செயற்கை மார்பகம், அதாவது இம்ப்ளான்ட், வைத்தாயிற்று (கார்டு அதற்குத்தான்), கீமோ முடிந்து தலையில் முடிகூட சரியாக முளைக்கவில்லை, அந்த நேரத்தில் கார்டாவது ஒன்றாவது. ஃபைலில் செருகி வைத்த புண்ணியம் என் கணவருடையது.

15 வருஷம் கழித்து ஒரு எம்ஆர்ஐயால் அதைத் தேட வேண்டி வந்தது. வலி கிடையாது, வடிவம் மாறவில்லை, கண்ணாடியில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. உப்புத்தண்ணீர் நிரப்பிய இம்ப்ளான்ட் என்றால் உறை கிழிந்த சில நாளில் காற்றுப் போன பலூன் மாதிரி ஆகிவிடும், தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், காட்டிக்கொடுத்துவிடும். சிலிகான் ஜெல் அப்படி இல்லை. உறை கிழிந்தாலும், உடம்பு அதைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கும் தழும்புத் தோலுக்குள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்து 5, 6 வருஷத்தில் ஒரு அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை என்று இங்கே அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. நான் எட்டு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

டாக்டர் திரையைக் காட்டினார். வெள்ளையாகத் தெரிந்த ஜெல்லுக்குள் கறுப்பாக, நெளிநெளியாகக் கோடுகள். கிழிந்த உறை உள்ளே மடங்கி மிதக்கிறதாம். இத்தாலிய லிங்குவினி பாஸ்தா பெயரில் அதற்கு 'லிங்குவினி சைன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பாயசத்தில் மிதக்கிற சேமியாவாகத்தான் தெரிந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம வீட்டு கிரைண்டர் முப்பது வருஷமா ஓடுது கண்ணு, இது பதினஞ்சு வருஷம் தாங்கலையா?" என்றாள். "கல்லு கொத்திக் கொத்தித்தானம்மா ஓடுது" என்றேன்.

கார்டைப் பார்த்ததும் சர்ஜன் முதலில் தேடியது வாரண்டியை அல்ல, மேல்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பதை. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன்னுடைய 'பயோசெல்' என்ற சொரசொரப்பு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது, இம்ப்ளான்டைச் சுற்றி வரக்கூடிய லிம்ஃபோமா என்ற புற்றுநோயின் ஒரு அரிய வகையோடு அதற்குத் தொடர்பு இருந்ததால். அப்போது அதைப் போட்டிருந்தவர்களுக்கு, அதற்குப் பதிலாக வழவழப்பு வகையை இலவசமாகத் தருகிறோம் என்றார்கள், ஆனால் மாற்றும் ஆபரேஷன் செலவு அவரவர் பாடு. என்னுடையது வழவழப்பு. தப்பித்தேன்.

வாரண்டி என்று இவர்கள் சொல்வதன் சங்கதியே அந்த ஆபரேஷன் செலவில்தான் இருக்கிறது. 'ஆயுட்கால வாரண்டி' என்பது பொருளுக்கு மட்டும். உறை கிழிந்திருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் புதுசு ஒன்று கிடைக்கும். ஆபரேஷனுக்கு உதவிப் பணம் பொதுவாக முதல் 10 வருஷத்துக்குள்தான், அதுவும் ஒரு தொகை வரை, அதை வாங்க ஒரு ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்தும் போட வேண்டும். எனக்கு 15 வருஷம் ஆகிவிட்டதால் அந்தப் பேச்சே இல்லை. பழசாகிவிட்டது என்பது மட்டும் காரணமாகவே எடுபடாது. இங்கே ஒரு சிநேகிதி 2004-ல் அழகுக்காகப் போட்டவள் (அப்போது அழகுக்கு என்றால் உப்புத்தண்ணீர் வகைதான், சிலிகானுக்கு 1992-லிருந்து 2006 வரை கட்டுப்பாடு). 20 வருஷம் ஆச்சே, மாற்றித் தருவார்களா என்று கேட்டாள். கிழியவில்லை, அதனால் கிடையாது. பார்க்கப்போனால் 10 வருஷத்தில் மாற்றியே தீர வேண்டும் என்ற கணக்கும் சரியில்லை. வயது ஏற ஏறக் கிழியும் வாய்ப்பு ஏறுகிறது, அவ்வளவுதான். 1962-ல் ஹூஸ்டனில் உலகத்திலேயே முதன்முதலாக சிலிகான் போட்டுக்கொண்ட டிம்மி ஜீன் லின்ட்சி, 50 வருஷம் கழித்தும் அதே ஜோடியோடுதான் இருந்தார்.

கம்பெனியே இல்லாமல் போனால் இந்த வாரண்டியும் வெறும் காகிதம். பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி தொழிற்சாலைக்கான மட்டமான சிலிகானை ரொப்பி விற்று, 2010-ல் மாட்டிக்கொண்டு மூடியது. அதைப் போட்டிருந்த பெண்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?

என்னைக் காப்பாற்றியது வாரண்டி இல்லை, 1998-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம். மார்பகத்தை எடுக்கும் சிகிச்சைக்குப் பணம் தருகிற இன்சூரன்ஸ், திரும்ப அமைப்பதற்கும் பிறகு அதில் வரும் சிக்கல்களுக்கும் தர வேண்டும். அப்படியிருந்தும் முதல் கடிதத்தில் 'அழகுக்கான சிகிச்சை' என்று போட்டுத் திருப்பி அனுப்பினார்கள் பாருங்கள், அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சட்டத்தின் பெயரை எழுதி, 2009 பயாப்ஸி ரிப்போர்ட்டை இணைத்து மறுபடி அனுப்பினோம். மூன்று வாரத்தில் ஒப்புதல் வந்தது. இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நாம் கட்ட வேண்டிய பங்கு, டிடக்டிபிள், அது மட்டும் என் கையிலிருந்து.

ஆபரேஷன் முடிந்த பிறகு பழசைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு கண்ணாடிப் பையில் கொண்டுவந்தார்கள். பழுப்பு மஞ்சளாகி, பதம் தப்பிய அல்வா மாதிரி பையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினால்தான் புதுசு இலவசம், இல்லாவிட்டால் பில் வரும். 15 வருஷம் என்னோடு தூங்கி எழுந்தது, லேபிள் ஒட்டிய ஒரு அட்டைப்பெட்டியில் கூரியரில் போயிற்று.

புதுக் கார்டு வந்திருக்கிறது. இந்த முறை போட்டோ எடுத்து மகளுக்கும் அனுப்பிவிட்டேன். தேதி 2025, அதனால் ஆபரேஷனுக்குப் பணம் கேட்க 2035 வரை நேரம் இருக்கிறது, அப்போது எனக்கு 67. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்குள்ள கிரைண்டர் கல்லை இன்னொரு தடவை கொத்தணும்" என்றாள்.