இரவுப் பணிச் செவிலியர் ஒருவரின் ஓராண்டுச் சம்பளம்

என் தந்தையார் போக்குவரத்துக் கழகத்தில் 31 ஆண்டுகள் நடத்துநராகப் பணிபுரிந்தவர். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபின், இனிக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட நிலையில், 2023 ஜனவரி இறுதியில் அவரை ஒரு நோய்த்தணிப்பு இல்லத்தில் சேர்த்தோம். 23 நாள்கள் அங்கிருந்து, அங்கேயே காலமானார்.

சேர்க்கும்போது அவரால் மல்லாந்து படுக்க முடியாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை, அதனால் வரும் மலச்சிக்கலுக்குக் கூடவே ஒரு மருந்து, இரவு தூக்கம் கலையாமலிருக்கப் படுக்கும் வேளையில் சற்றுக் கூடுதல் அளவு என்று தொடங்கினார்கள். மார்ஃபின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும், நான் உட்பட, நம்பிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அப்பா எழுந்து சாய்ந்து அமர்ந்து காபி கேட்டபோதுதான் அந்தப் பயம் தெளிந்தது. கடைசி நாள்களில் விழுங்க முடியாமல் போனதும், ஈரத்துணியால் வாயைத் துடைத்து, உதட்டில் வெண்ணெய் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தவர்கள் அங்கிருந்த செவிலியர்கள். இரவு இரண்டு மணிக்கும் அது தவறவில்லை.

இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. உடலை எடுத்துச் செல்லும்போது நான் பணத்தை நீட்டியதற்குப் பொறுப்பாளர் அம்மையார், “இப்ப வேண்டாம். காரியமெல்லாம் முடியட்டும், அப்புறம் வாங்க” என்று மட்டும் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களின் குடும்பத்துக்குச் சங்கடம் ஏற்படக்கூடாது என்பதற்காக, நோயாளி அங்கிருக்கும்வரை யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மாதான் பேச்சை எடுத்தார். தலைத்திவசத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவதை விட்டு அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கொடுப்பது, உறவினர்களிடமும் அப்பாவுடன் வேலை பார்த்தவர்களிடமும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அப்பா பெயர் பொறித்த ஒரு கட்டில் வாங்கித் தரலாம் என்று நான் போய்ச் சொன்னேன். அம்மையார் என்னை அழைத்துக்கொண்டு போய் மாடியைக் காட்டினார். ஆறு கட்டில்கள் துணி போர்த்திக் கிடந்தன; ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. கட்டிலுக்குக் குறைவில்லை, இரவில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மாடியைத் திறக்க முடியவில்லை என்றார். ஓர் இரவுப் பணிச் செவிலியருக்கு மாதம் 16,000 ரூபாய்; ஆண்டுக்கு 1,92,000. அதையே இலக்காக வைத்துக்கொண்டோம்.

சம்பளத்துக்கு என்று பணம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. “கட்டில், மெத்தைன்னா சொல்லு, உடனே வாங்கித் தர்றேன், சம்பளத்துக்கா காசு கேக்குறே?” என்று சித்தப்பாவே கேட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசே வீட்டுக்கு வந்து பார்க்கிறதே, இது எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சேவையும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லாத நோயாளிக்கு, எப்போதாவது வந்துபோகும் செவிலியர் எவ்வளவுதான் செய்ய முடியும்? நான் வாதாடுவதை விட்டுவிட்டு, அந்த இரவு இரண்டு மணியைப் பற்றி மட்டும் சொல்லத் தொடங்கியபின்தான் பணம் வந்தது.

முதலில் எல்லாவற்றையும் என் வங்கிக் கணக்கில் வாங்கி மொத்தமாகக் கட்டிவிட நினைத்திருந்தேன். இல்லத்தின் ஆடிட்டர் தடுத்தார். அப்படிச் செய்தால் பிறர் கொடுத்த பணத்துக்கு, நன்கொடையாளருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி வரிச்சலுகை என் பெயரில் வந்துவிடும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது. பொருளாகக் கொடுத்தால் அறவே கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் பயனில்லை. பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் போனால், இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையே வரி கட்ட நேரிடும். ஆகவே உண்டியல் வேண்டாம், ஒவ்வொருவரும் நேரடியாக அனுப்பட்டும் என்றார். சான்றிதழ், நிதியாண்டு முடிந்து மே 31-க்குள்தான் வரும் என்பதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் டிசம்பரிலிருந்தே எனக்குத் தொலைபேசி ஓயவில்லை.

மிகவும் சிக்கலானது அண்ணன் அனுப்பிய பணம். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். சென்னையில் பிறந்தவரே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெறுவதற்கான பதிவு இந்தச் சிறிய இல்லத்துக்கு இல்லை. ஒரு லட்ச ரூபாய் வந்த வழியே திரும்பிப் போனது. என் கணக்குக்கு அனுப்பி நான் கட்டலாமா என்று கேட்டதற்கு, அந்தக் குறுக்குவழி வேண்டாம் என்று ஆடிட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் மனம் நொந்துபோனார். அண்ணி இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்பதால், தம் சொந்தச் சம்பளச் சேமிப்பிலிருந்து, கடவுச்சீட்டு நகலுடன், 40,000 ரூபாய் அனுப்பினார். அதற்குத் தடை இருக்கவில்லை.

அப்பாவின் நண்பர்களான ஓய்வுபெற்ற நடத்துநர்கள் யாரும் இணையவழியில் பணம் அனுப்புபவர்கள் அல்லர். இல்லத்திலிருந்து ஒருவர் ரசீதுப் புத்தகத்துடன் என்னோடு அவர்களுடைய சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வந்தார். 100, 200, 500 என்று 47 பேர் கொடுத்தார்கள். முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் ரசீதின் அடிக்கட்டையையும் நோட்டுகளையும் பேருந்தின் ஒவ்வொரு நடைக்கும் டிக்கெட் கணக்கு எழுதும் டிரிப் ஷீட்டைச் சரிபார்ப்பது போலவே இரண்டு முறை எண்ணினார்கள். 50 ரூபாய் குறைந்தது. வசூல் கட்டும்போது குறைந்தால் கைப்பணத்தைப் போட்டுப் பழகியவர்களாயிற்றே, ஒருவர் உடனே சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டார்.

2024 பிப்ரவரியில், தலைத்திவசத்துக்கு முந்தைய வாரம், மொத்தம் 2,07,350 ரூபாய் சேர்ந்திருந்தது. மார்ச் மாதம் ஒரு செவிலியர் பணியில் சேர்ந்தார். மாடியில் நான்கு கட்டில்களுக்கு விரிப்பு போட்டார்கள். சித்தப்பா ஒரு காற்று மெத்தை வாங்கிக் கொடுத்தார், அதுவும் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் சேர்த்தது ஓராண்டுக்குத்தான் போதும் என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை. இப்போது மாதம் 500 ரூபாய் தருவதாக 22 பேர் ஒப்புக்கொண்டு, 15 பேர் தொடர்ந்து தருகிறார்கள். மாதம் 7,500 வருகிறது, 8,500 குறைகிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ரசீதுப் புத்தகத்துடன் மறுபடி வரலாமா என்று சங்கத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை ஐம்பது ரூபாய்ச் சில்லறையோடு வரச் சொன்னார்.