ரமோனா வளர்ந்த விதம்

சிறுவர் தொடர்களில் நாயகி வளர்கிறாள் என்றால் பெரும்பாலும் அடங்கிப்போகிறாள் என்றுதான் அர்த்தம். அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் பெவர்லி கிளியரியின் தொடரில் வரும் ரமோனா கடைசிவரை அடங்கவில்லை, அதனால்தான் அவளை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

1955ல் வந்த முதல் புத்தகம் அக்கா பீஸஸின் பார்வையில் போகிறது. நாலு வயது ரமோனா நிலவறையில் உட்கார்ந்துகொண்டு, பெட்டியிலிருக்கும் ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஒரு கடி கடித்துப் போடுகிறாள். கேட்டால், முதல் கடிதான் ருசியாம்! அக்காவுக்கு வரும் எரிச்சல் நமக்கும் வருகிறது. அப்புறம் 1968ல் அடுத்த புத்தகத்தில் கதை ரமோனாவின் மனசுக்குள் போய்விடுகிறது. பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் சூசனின் சுருள்முடியை இழுத்துவிட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது குறும்பே இல்லை, இழுத்து விட்டால் அது எப்படித் துள்ளும் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

1977 புத்தகத்தில் அப்பாவுக்கு வேலை போகிறது, வீட்டின் கவலை முதல்முறையாக அவளுக்கும் உறைக்கிறது. ஆனால் எட்டு வயதில் வரும் முட்டைச் சம்பவம்தான் தொடரின் உச்சம் என்பேன். அவித்த முட்டையைத் தலையில் தட்டி உடைப்பது அப்போது வகுப்பில் எல்லோரும் செய்யும் வேலை. அம்மா தவறுதலாகப் பச்சை முட்டையை வைத்து அனுப்பிவிட, தலை முழுக்க வழிகிறது. அதைக் கழுவப் போன இடத்தில், டீச்சர் தன்னைத் தொல்லை என்று சொல்வது காதில் விழுகிறது. நாலு வயதில் யார் திட்டினாலும் கவலைப்படாதவள், இப்போது அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு நாள்கணக்கில் ஒதுங்கித் திரிகிறாள். வகுப்பிலேயே வாந்தி எடுத்தபோதுகூட உடம்பு முடியாததைவிட, மறுபடி தொல்லையாகிவிட்டோமே என்பதுதான் வாட்டுகிறது. பிறர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டது, பாருங்கள், அதுதான் வளர்ச்சி. அப்படியும் அவள் சுருண்டுபோகவில்லை. கடைசியில் டீச்சரிடமே நேராகக் கேட்டுவிடுகிறாள்.

1999ல் வந்த கடைசிப் புத்தகத்தில் அவளுக்குப் பத்து வயது ஆகிறது. நாலிலிருந்து பத்துக்கு வர 44 வருடம்! இப்போது அவளே அக்கா. குட்டித் தங்கை ராபர்ட்டாவின் தலை பூனைக்கான வீட்டுக்குள் மாட்டிக்கொள்ள, ரமோனா பதறிப்போகிறாள்.

படிப்பதாக இருந்தால் 1955 புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். பீஸஸோடு சேர்ந்து அவளை நன்றாகத் திட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.