தாது வருஷத்துக்குப் பத்து நிமிடம்

இந்திய வரலாற்றுப் பேரவை 1935இல் புனேயில் தொடங்கியது. அதன் ஆண்டு மாநாட்டில், நவீன இந்தியா பிரிவில், 1876–78 தாது வருஷப் பஞ்சம் பற்றிய என் ஆய்வின் ஒரு பகுதியை வாசித்தேன். ஆளுக்குப் பத்து நிமிடம்தான். அடுத்து போகப்போகும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஆரம்பித்தது. அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி, துறை, எண், தேதி குறித்துச் சீட்டுக் கொடுத்தால் கட்டு வரும். 1877ஆம் வருடத்துத் தாள்களை இரண்டு கையாலும் தாங்கித்தான் திருப்ப வேண்டும். அப்படியும் ஓரம் பொடிந்து மேசையில் பழுப்பாக உதிரும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் ஜி.ஓ. (அரசாணை) எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

மாநாட்டுக்கு முன்னால் துறையில் ஒத்திகை. நெறியாளர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "பஞ்சம் ஏன் வந்தது என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்மா. நீ பார்த்த தாளைக் காட்டு" என்றார். பின்னணி முழுவதையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது ஒரே சண்டை. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார், பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். வெயிலில் மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு அது காணாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் வேண்டும் என்று வாதாடினார் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். இந்த இரண்டு அளவுகளையும் ஒரே ஸ்லைடில் போட்டேன். வேறு படம் எதுவும் வைக்கவில்லை. அறை சட்டென்று கவனிக்க ஆரம்பித்தது.

கேள்வி நேரத்தில் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். "இதெல்லாம் அதிகாரிகள் எழுதியது. பட்டினி கிடந்தவர்கள் என்ன சொன்னார்கள்?"

நியாயமான கேள்வி. காப்பகத்தில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் என்னையும் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. பம்பாய் மாகாணத்தில் அதே கூலிக்குறைப்பை எதிர்த்து மக்கள் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டு வெளியேறினார்கள், பூனா சார்வஜனிக் சபா என்ற பொதுமக்கள் சங்கம் அவர்களுக்காகப் பேசியது, அந்த வெளியேற்றமே அவர்கள் சொன்ன பதில் என்றேன். சென்னை மாகாணத்துக்கு இந்த அரசுத் தாள்கள் மட்டும் பற்றாது, பஞ்சத்தைப் பற்றிப் பாடிய பஞ்சக் கும்மிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். அப்புறம் ஒரு ஜி.ஓ.வின் தேதியைக் கேட்டார். நோட்டைப் பிரித்ததும் கிடைத்தது.

தேநீர் இடைவேளையில் மராத்தி ஆவணங்களில் வேலை செய்யும் மாணவி ஒருத்தி வந்து பேசினாள். இப்போது அவள் பக்கத்துத் தாள்களையும் என் பக்கத்துத் தாள்களையும் மாதவாரியாக அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறோம். கும்மிப் பகுதியைச் சேர்த்து முழுக் கட்டுரையையும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.